எஸ்.எம்.எஸ் விலை ஏறிய பிறகு எந்தப் பக்கேஜ்? ஒரு ரியூசன் ரீச்சருக்கு எழுதிய பதில்

கோண்டாவிலில் வீட்டு விறாந்தையில் கணித வகுப்பு நடத்தும் ரீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். 45 பிள்ளைகளின் வீடுகளுக்கும் வாரத்துக்கு மூன்று தரம் தமிழில் எஸ்.எம்.எஸ் அனுப்புகிறார். பிரீபெய்ட் சிம், பக்கேஜ் எதுவும் போடவில்லை. ஒரு எஸ்.எம்.எஸ் 50 சதமாக இருந்ததை 80 சதமாக்கிவிட்டார்களாம். "மாதம் 860 ரூபாய்க்கு மேல் போகிறது, எந்த நிறுவனத்தின் எந்தப் பக்கேஜுக்கு மாறலாம்?" என்பதுதான் கேள்வி.

ரீச்சர், ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒரே வரியில் முடித்திருக்கலாம். பரமேஸ்வராச் சந்திப் பக்கம் கொமினிக்கேஷன் கடை வைத்து, ரீலோட் போட்டுக்கொடுத்தும் போன் திருத்தியும் பல வருடம் போய்விட்டது. அப்படி ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிய ஆட்கள் அடுத்த மாதமே அதே முறைப்பாட்டோடு திரும்பி வருவதைப் பார்த்துப் பழகிவிட்டேன். அதனால் முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் கணித ரீச்சர், கோபிக்கமாட்டீர்கள்.

45 வீடு, வாரம் மூன்று, மாதம் நாலு வாரம். 540 எஸ்.எம்.எஸ் ஆகிறது. ஒன்று 80 சதம் என்றால் 432 ரூபாய்தான் வரவேண்டும். நீங்கள் சொல்வது 860 சொச்சம், கிட்டத்தட்ட அப்படியே இரண்டு மடங்கு. அப்படியானால் விலை ஏறுவதற்கு முன்பும் 270 ரூபாய் போகவேண்டிய இடத்தில் 540 போயிருக்கும். நீங்கள் அப்போது கவனிக்கவில்லை, விலை ஏறியதும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. மற்றப் பாதிக் காசு எங்கே போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் பக்கேஜ் மாற்றுவது, ஓட்டை வாளியை மாற்றாமல் கிணற்றை மாற்றுவது மாதிரி.

காசு போன இடம் தமிழ் எழுத்தில் இருக்கிறது. ஒரு எஸ்.எம்.எஸ் என்பது 140 பைட், அதாவது 1120 பிட், கொள்ளளவுள்ள ஒரு சின்னப் பெட்டி. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் அதில் 7 பிட் இடம்தான் எடுக்கும், அதனால் 160 எழுத்து கொள்ளும். தமிழில் எழுதினால் போன் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாறிவிடும். அப்போது ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும், ஆகவே 70 குறிதான் கொள்ளும். 70ஐத் தாண்டினால் போன் அதைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும். துண்டுகளைத் திரும்ப ஒட்டுவதற்கான குறிப்பும் உள்ளே போகவேண்டும் என்பதால், அதன்பிறகு ஒரு துண்டுக்கு 67 குறிதான். பெறுகிறவரின் திரையில் ஒரே செய்தியாகத் தெரியும். உங்கள் மீதியிலோ துண்டுக்குத் துண்டு வெட்டுவார்கள்.

இன்னொரு சங்கதி இருக்கிறது. 70 என்பது நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'யாழ்ப்பாணம்' என்று எழுதினால் கண்ணுக்கு ஆறு எழுத்து. போனுக்கு அது பதினொன்று, ஏனென்றால் கால், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. கோயில்காரர் ஆசையோடு போடும் 'ஸ்ரீ' ஒன்றுக்கே நாலு. கடைசியில் ஒரு கும்பிடும் கைப் படம் வைத்தால் அதற்கு இரண்டு. சிங்களத்தில் எழுதுகிறவருக்கும் இதே 70தான். 160 எழுத்துச் சலுகையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குத்தான். அவரும் அப்படி ஒரு குட்டிப் படத்தைச் செருகினால் 70க்கு இறங்கிவிடுவார்.

உங்கள் செய்தி இந்த மாதிரித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: "நாளை ஞாயிறு வகுப்பு காலை 8 மணிக்கு நடைபெறும். பிள்ளைகள் சென்ற வருட வினாத்தாளைக் கட்டாயம் கொண்டுவரவும்." எண்ணிப் பார்த்தேன், இடைவெளியோடு 102 குறி. இரண்டு துண்டு. ஒவ்வொரு பெற்றாருக்கும் 1 ரூபா 60 சதம்.

இதையே "ஞாயிறு வகுப்பு காலை 8. பழைய வினாத்தாள் கொண்டு வரவும்." என்று எழுதினால் 53 குறி. ஒரே துண்டு, 80 சதம். மாதம் 432 ரூபாயில் முடிந்துவிடும். விலை ஏறுவதற்கு முன் நீங்கள் கொடுத்ததைவிட அது 108 ரூபாய் குறைவு, சிம்மும் மாற்றவில்லை, பக்கேஜும் போடவில்லை. போனில் எழுதும்போது பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு எண் இறங்கிக்கொண்டே வரும், பக்கத்தில் ஒரு சாய்கோட்டுக்குப் பிறகு 1, 2 என்று மாறும். அந்த 2 வருவதற்கு முன் நிறுத்தப் பழகுங்கள். சில போன்களில் அதை அமைப்புகளுக்குள் போய்த் திறந்துவிடவேண்டும்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் 160 கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும், செய்கிறவர்களும் நிறையப் பேர். எனக்கு அது கண்ணில் மண் விழுந்த மாதிரி, அது என் குறை. ஆனாலும் ஒரு இடத்தில் அது உதவும். பெற்றார் சிலரிடம் இருக்கும் பழைய பட்டன் போன்களில் தமிழ் வந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அவர்களுக்கு நீங்கள் இவ்வளவு நாளும் இரண்டு துண்டுக் காசு கொடுத்துக் கட்டம் அனுப்பியிருக்கிறீர்கள். யார் யார் என்று ஒரு தரம் கேட்டுப்பாருங்கள்.

போனில் இன்னொரு பொறி உண்டு. அன்ட்ராய்ட் போனில் 45 பேரையும் ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே செய்தியை அனுப்பினால், சில போன்கள் அதை எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்பாமல், படம் அனுப்பப் பாவிக்கும் எம்.எம்.எஸ்ஸாக மாற்றிவிடும். அதன் விலை வேறு, டேற்றாவும் வேண்டும், பட்டன் போனுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவும் மாட்டாது. மெசேஜ் செயலியின் அமைப்புகளில் குழுச் செய்தி என்ற இடத்தில் 'எல்லாருக்கும் தனித்தனி எஸ்.எம்.எஸ்' என்பதைத் தெரிவு செய்துவிடுங்கள். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ யாராவது ஐபோன் கொண்டுவந்து தந்தால் அதிலும் ஒரு செலவு. ஐபோனின் சொந்தச் செய்திச் சேவையான ஐமெசேஜைத் திறக்கும்போது போன் தானாகவே வெளிநாட்டு எண் ஒன்றுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பும். சிம்மை மாற்றிப் போடும்போது திரும்பவும் அனுப்பலாம். "நான் ஒன்றும் அனுப்பவில்லை, காசு போய்விட்டது" என்று கடைக்கு வந்தவர்களில் நாலைந்து பேரின் விசயம் இதுதான்.

சரி, இனிப் பக்கேஜுக்கு வருவோம்.

விலை ஏன் ஏறுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் ஒப்பிடுவது இலகு. இங்கே கட்டணங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி கொடுக்கவேண்டும். 2022 செப்டெம்பரில் எல்லா நிறுவனமும் கைபேசிக் கட்டணத்தை 20 வீதம் கூட்டியது அப்படித்தான். அதற்கு மேல் வற் வரி. 2019 கடைசியில் 8 வீதமாக இருந்தது, 2022 ஜூனில் 12, அதே செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. போதாததற்கு 2022 ஒக்டோபரில் இருந்து சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம். கோலுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் தொலைத்தொடர்பு வரி என்று தனியாக 15 வீதம் இருக்கிறது. இணையத்துக்கு இருந்த தொலைத்தொடர்பு வரியை 2017 செப்டெம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆக, நீங்கள் போடும் அதே 100 ரூபாயில் எஸ்.எம்.எஸ்ஸுக்குப் போவதில் அரசாங்கத்தின் பங்கு கூட, டேற்றாவுக்குப் போவதில் குறைவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் விலை வரியோடா வரி இல்லாமலா என்று பார்க்காமல் இரண்டு பக்கேஜை ஒப்பிட்டால் கணக்கு அடியோடு பிழைத்துவிடும்.

செலவைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். ஒரு ஜிபி டேற்றாவுக்குள் 140 பைட் பெட்டிகள் 70 இலட்சத்துக்கு மேல் அடங்கும். ஒன்று 80 சதம் என்று பெருக்கிப் பாருங்கள், சிரிப்பு வரும். அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 2005க்கும் 2008க்கும் இடையில் அங்கே நாலு பெரிய நிறுவனங்களும் ஒரு செய்தியின் விலையை 10 சதத்தில் இருந்து 20 சதமாக்கின. ஹேர்ப் கோல் என்ற செனட்டர் இது எப்படி நடந்தது என்று நாலு பேருக்கும் கடிதம் எழுதிக் கேட்டார். அங்கே செய்தியைப் பெறுகிறவருக்கும் காசு வெட்டும் பழக்கம் இருந்தது. நம் ஊரில் பெறுகிறவருக்குச் செலவில்லை. அதனால் அமெரிக்கக்காரர் எழுதிய ஒப்பீடுகளைப் படித்துவிட்டு 'வரும் மெசேஜையும் கணக்கில் சேர்க்கவேண்டும்' என்று நீங்கள் குழம்பத் தேவையில்லை.

பக்கேஜை ஒப்பிடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது விலையை. நான் முதலில் பார்ப்பது 'எந்த நெட்வேர்க்குக்கு' என்ற சின்ன எழுத்தை. ஆயிரம் எஸ்.எம்.எஸ் இலவசம் என்று போட்டிருப்பார்கள், கீழே 'எமது வலையமைப்புக்குள் மட்டும்' என்று இருக்கும். உங்கள் 45 எண்ணையும் ஒரு தாளில் எழுதி முன்னிலக்கத்தைப் பாருங்கள். 077, 076, 074 டயலொக். 071, 070 மொபிட்டல். 078 ஹட்ச், 2018இல் எட்டிசலாட்டோடு இணைந்ததால் 072ம் அவர்களுடையதுதான். 075 எயார்டெல்லாக இருந்தது, 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. அந்த 075 எண்கள் பக்கேஜில் 'எமது வலையமைப்பு' என்ற கணக்கில் வருமா என்று காசு கட்ட முன் கேட்டுவிடுங்கள். 45இல் 35 ஒரே நிறுவனமாக இருந்தால் உள்வலைப் பக்கேஜ் இலாபம். பாதிப் பாதியாகச் சிதறியிருந்தால், எல்லா வலையமைப்புக்கும் செல்லும் சின்னப் பக்கேஜ்தான் சரி, அது விலை கூடத் தெரிந்தாலும்.

அடுத்தது நாள். 30 நாள் பக்கேஜும் 28 நாள் பக்கேஜும் பார்வைக்கு ஒன்று போலத்தான். 28 நாள் என்றால் வருடத்துக்கு 13 தரம் போடவேண்டும், 12 அல்ல. ஏழு நாள் பக்கேஜ் வருடத்துக்கு 52. ஒரு பக்கேஜின் உண்மையான விலை வேண்டுமென்றால், அதன் விலையை நாளால் வகுத்து, வரும் 365 நாளுக்கும் பெருக்குங்கள். அப்புறம், மிஞ்சும் எஸ்.எம்.எஸ் அடுத்த மாதத்துக்குப் போகுமா, முடிந்த நாளோடு போய்விடுமா? ஓகஸ்ட் விடுமுறையிலும் நல்லூர்த் திருவிழா நேரத்திலும் வகுப்பு குறைவு, அந்த மாதம் வாங்கியதில் பாதி சும்மா கிடக்கும். ஓஎல் பரீட்சை கிட்டும்போது தினமும் அனுப்புவீர்கள். இப்படி ஏறி இறங்கும் பாவனைக்கு, வேண்டும்போது மட்டும் போடும் சின்னப் பக்கேஜ், மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் பெரிய பக்கேஜைவிட மலிவாக முடியும்.

டேற்றாவும் சேர்ந்த பக்கேஜ் என்றால் இரவு டேற்றாவைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 'மொத்தம் 20 ஜிபி' என்றால் அதில் பாதி நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடியதாக இருக்கும். கம்பஸ் பிள்ளைகளுக்கு அது சரி. வினாத்தாள் திருத்திவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிற உங்களுக்கு எதற்கு?

இனி வாட்ஸ்அப். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கணக்கைத் தலைகீழாக மாற்றுவது இதுதான். 45 வீட்டில் எத்தனை வீட்டில் வாட்ஸ்அப் இருக்கிறது என்று ஒரு ஞாயிறு வகுப்பில் கையை உயர்த்தச் சொல்லுங்கள். 31 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 14 பேருக்கு மாதம் 12 செய்தி, ஒரே துண்டாக, 168 எஸ்.எம்.எஸ். 80 சதத்தில் 134 ரூபா 40 சதம். 860இல் இருந்து 134க்கு வந்துவிட்டீர்கள், பக்கேஜே தேவைப்படவில்லை.

குழு தொடங்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குழுவில் எல்லாரின் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் தாய்மாரின் எண் யார் யார் கையிலோ போகும். பிறகு காலை வணக்கப் படமும் வைத்தியக் குறிப்பும் வந்து குவியும், உங்கள் வினாத்தாள் செய்தி அதற்குள் புதைந்துவிடும். அதற்குப் பதில் ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒருதரம் அனுப்ப, ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஒரு நிபந்தனை, அவர்கள் போனில் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேராது. வைபரும் நம் ஊரில் நிறைய வீட்டில் இருக்கிறது, வெளிநாட்டுச் சொந்தத்தோடு கதைப்பதற்காகப் போட்டது. ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு பட்டியல் வைத்துச் சமாளிக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

எஸ்.எம்.எஸ்ஸை முழுதாகக் கைவிடச் சொல்லவும் மாட்டேன். டேற்றா முடிந்துபோன வீட்டுக்கும் அது போகும். காலையில் கடும் மழை, வகுப்பு இல்லை என்ற செய்தி உடனே போகவேண்டும் என்றால் அன்று 45 பேருக்கும் எஸ்.எம்.எஸ்தான் அனுப்புவேன். 36 ரூபாய் போகட்டும்.

சிம் மாற்றுவது பற்றி. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி பற்றி இலங்கையில் பல வருடமாகப் பேசுகிறார்கள். அதை நம்பி உங்கள் கணக்கைப் போடாதீர்கள். உங்கள் எண்ணை இத்தனை பெற்றாரும் வைத்திருக்கிறார்கள், வங்கியில் இருந்து வரும் இரகசிய எண்ணும் அதற்குத்தான் வரும். இரண்டு சிம் போடும் போன்தானே வைத்திருக்கிறீர்கள்? பழையதை அப்படியே வைத்து, செய்தி அனுப்புவதற்கு மட்டும் இரண்டாவது சிம் போடலாம். பழைய சிம்மில் அவ்வப்போது சின்ன ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருக்கவேண்டும், நீண்ட நாள் கிடந்தால் துண்டித்துவிடுவார்கள். புது எண்ணில் இருந்து முதல் செய்தி அனுப்பும்போது உங்கள் பெயரைப் போடுங்கள், இல்லாவிட்டால் யாரோ விளம்பரக்காரர் என்று அழித்துவிடுவார்கள்.

புது சிம் வாங்க முன் பக்கத்து வீட்டாரின் சிம்மை ஒருநாள் இரவல் வாங்கி உங்கள் விறாந்தையிலேயே போட்டுப்பாருங்கள். யாழ்ப்பாணம் முழுக்க நல்ல சிக்னல் என்று விளம்பரத்தில் இருக்கும். உங்கள் வீட்டுச் சுவருக்குள் என்ன வருகிறது என்பது வேறு கதை. நெடுந்தீவில் இருந்து ஒரு பிள்ளை இங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறது என்றால், அங்கே இருக்கும் தாய்க்கு எந்த வலையமைப்பு எடுபடுகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் பார்க்கவேண்டும். உங்கள் மீதியில் இருந்து எஸ்.எம்.எஸ்ஸுக்கு மட்டும்தான் காசு போகிறதா? என் அம்மாவின் சிம்மில் நாளுக்கு மூன்று ரூபாய் போய்க்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் ராசிபலன் சேவை ஒன்று. அம்மாவுக்கு ஆங்கிலத்தில் வந்த ஏதோ ஒரு பெட்டியில் 'சரி' என்பதை அமர்த்தியிருக்கிறார், அவ்வளவுதான். மாதம் 90 ரூபாய், எத்தனை மாதம் என்று கணக்கே இல்லை. ராசிபலனை அவர் ஒருநாளும் வாசிக்கவும் இல்லை, ஏனென்றால் அதுவும் ஆங்கிலத்தில் வந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து நிறுத்தினோம், போன காசு போனதுதான். நிறுவனத்தின் செயலியில் 'செயற்பாட்டில் உள்ள சேவைகள்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள், அல்லது சேவை எண்ணுக்கு எடுத்து, "என் எண்ணில் என்ன என்ன சேவை ஓடுகிறது, வாசியுங்கள்" என்று கேளுங்கள். தமிழில் கதைக்கத் தெரிந்தவரைத்தான் கேட்கவேண்டும், விடாதீர்கள். அவர்கள் தீர்க்காவிட்டால் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு எண் 1900.

மொத்தமாக எஸ்.எம்.எஸ் அனுப்பும் வணிகச் சேவைகள் பற்றியும் உங்களிடம் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். நிலையத்தின் பெயர் அனுப்புநராகத் தெரியும், அழகாக இருக்கும். ஆனால் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உள்ள நிலையங்களுக்கானது. அங்கேயும் காசு துண்டுக்குத்தான், செய்திக்கு அல்ல.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மாதம் சிம்முக்கும் பக்கேஜுக்கும் கையே வைக்கமாட்டேன். செய்தியை 70 குறிக்குள் கொண்டுவந்து, வாட்ஸ்அப் உள்ளவர்களைப் பிரித்து, மாதக் கடைசியில் எத்தனை எஸ்.எம்.எஸ் போனது, எந்த முன்னிலக்கத்துக்கு எத்தனை என்று எழுதிக்கொள்வேன். 150 ரூபாய்க்குக் கீழே நின்றால் விடயம் முடிந்தது, எந்தப் பக்கேஜும் வேண்டாம். 400க்கு மேல் நின்றால் அந்தத் தாளைக் கொண்டு கடைக்கு வாருங்கள். மூன்று நிறுவனத்தின் அன்றைய விலைப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், பத்து நிமிட வேலை. சனி பின்னேரம் வேண்டாம், அன்று கம்பஸ் பிள்ளைகள் ரீலோட்டுக்கு வரிசையில் நிற்பார்கள்.